கழுத்து வலி, காய்ச்சல்... உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களுக்கு இது சாதாரண தைராய்டு பிரச்னைதானா?

தைராய்டு என்றதும் நம் வீடுகளில் ஞாபகத்துக்கு வருவது ஒரு சின்ன மாத்திரைதான். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் போட வேண்டும், அரை மணி நேரத்துக்குக் காபி குடிக்கக் கூடாது. அக்கா, சித்தி, பக்கத்து வீட்டு ஆன்ட்டி என்று தெரிந்தவர்களில் யாராவது ஒருவர் அதைப் போட்டுக்கொண்டிருப்பார். அதனாலேயே தைராய்டு இப்போது யாரையும் பெரிதாகப் பயமுறுத்துவதில்லை. `சுகர், பிரஷர் மாதிரி அதுவும் ஒண்ணு' என்று பழகிப்போய்விட்டது.

இந்தப் பழக்கம் ஒரு சிலருக்கு மட்டும் ஆபத்தாகிவிடலாம். சிறுநீரகம், கல்லீரல், இதயம், நுரையீரல் என ஏதாவது ஓர் உறுப்பை மாற்றிக்கொண்டவர்கள் அவர்கள். கழுத்தின் முன்பக்கம் வலிக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது, ரத்தப் பரிசோதனையில் தைராய்டு அளவும் மாறியிருக்கிறது என்றால், மற்றவர்களுக்கு அது சில வாரங்களில் தானாகச் சரியாகிவிடும் வீக்கமாக இருக்கலாம். உறுப்பு மாற்று செய்துகொண்டவருக்கு, சுரப்பிக்குள் பூஞ்சை புகுந்திருக்கவும் வாய்ப்பிருக்கிறது.

மிக மிக அபூர்வமான தொற்று இது. மருத்துவ இதழ்களில்கூட `இப்படி ஒரு நோயாளி வந்தார்' என்று ஒவ்வொருவராகத்தான் பதிவாகியிருக்கிறார்கள். அந்தப் பதிவுகளில் கணிசமானவை, நோயாளி இறந்த பிறகு உடற்கூறாய்வில் கண்டுபிடிக்கப்பட்டவை. பிறகு எதற்கு இதைப் பற்றிப் பேச வேண்டும்? இரண்டு காரணங்கள். சாதாரண தைராய்டு வீக்கத்துக்குக் கொடுக்கும் மருந்து, பூஞ்சை இருப்பவருக்குக் கொடுக்கப்பட்டால் நிலைமையை இன்னும் மோசமாக்கும். ஆனால், இரண்டில் எது என்று கண்டுபிடிக்கத் தேவைப்படுவது பெரிய ஆபரேஷன் அல்ல, ஒரு மெல்லிய ஊசி. அந்த ஊசியைச் சரியான நேரத்தில் போடுவதிலும், அதில் வரும் சாம்பிளைச் சரியான இடத்துக்கு அனுப்புவதிலும்தான் எல்லாம் இருக்கிறது.

கோட்டைக்குள் கிருமி நுழைவது எப்படி?

தைராய்டு, கழுத்தின் முன்பக்கம் மூச்சுக்குழாயைக் கட்டிக்கொண்டிருக்கும் வண்ணத்துப்பூச்சி வடிவச் சுரப்பி. எடை சுமார் 20 கிராம். ஆனால், உடம்பிலேயே கிருமிகள் அவ்வளவு சுலபமாக அண்ட முடியாத இடங்களில் இதுவும் ஒன்று. அதற்குப் பல காரணங்கள் சொல்கிறது மருத்துவம். சுற்றிலும் ஓர் உறை இருக்கிறது. அளவுக்குச் சம்பந்தமே இல்லாமல் ஏராளமான ரத்தம் அதற்குள் ஓடுகிறது; கழிவை வெளியேற்ற நிணநீர்ப் பாதைகளும் நிறைய. உடம்பில் இருக்கும் அயோடினில் பெரும் பகுதி இங்கேதான் சேமிக்கப்படுகிறது. புண்ணுக்குப் போடும் பழுப்பு நிற மருந்தில் கிருமியைக் கொல்வதும் அயோடின்தான். போதாததற்கு, ஹார்மோன் தயாரிக்கும் வேலைக்காகத் தைராய்டு தனக்குள் ஹைட்ரஜன் பெராக்சைடையும் உற்பத்தி செய்துகொள்கிறது. அதுவும் கிருமிநாசினியே. தைராய்டு நோய்களில் கிருமித்தொற்று 1 சதவிகிதத்துக்கும் குறைவாக இருப்பதற்கு இவையெல்லாம் காரணமாகச் சொல்லப்படுகின்றன. அந்தக் குறைவான தொற்றிலும் பாக்டீரியாதான் அதிகம், பூஞ்சை அதிலும் அபூர்வம்.

உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களின் கதை வேறு. புதிதாக வைத்த உறுப்பை உடம்பு `அந்நியப் பொருள்' என்று நினைத்துத் தாக்காமல் இருக்க, அவர்கள் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும். கிட்னி மாற்றிக்கொண்டவர்களின் மாத்திரை டப்பாவைத் திறந்தால் பெரும்பாலும் டாக்ரோலிமஸ், மைக்கோஃபீனோலேட், பிரெட்னிசொலோன் மூன்றும் இருக்கும். புது உறுப்பைக் காப்பாற்றும் இதே மாத்திரைகள்தான் கிருமிகளுக்கும் கதவைத் திறந்துவிடுகின்றன.

இதில் ஒரு விநோதமும் உண்டு. உறுப்பு மாற்று சிகிச்சை உலகம் முழுக்கப் பரவலாவதற்குக் காரணமான சைக்ளோஸ்போரின் மருந்து, 1969-ல் நார்வேயிலிருந்து எடுத்துவரப்பட்ட மண்ணில் இருந்த ஒரு பூஞ்சையிலிருந்து கிடைத்தது. மைக்கோஃபீனோலேட்டுக்கு மூலமும் பூஞ்சைதான். ஒரு பூஞ்சை கொடுத்த மருந்தால் உயிர் பிழைத்தவர், இன்னொரு பூஞ்சையைப் பார்த்து ஜாக்கிரதையாக இருக்க வேண்டியிருக்கிறது.

தைராய்டைத் தாக்கும் பூஞ்சைகளில் முதலிடம் ஆஸ்பர்ஜில்லஸுக்கு. ஈரச் சுவர், பழைய காகிதக் கட்டு, மட்கிய இலைக்குப்பை, வைக்கோல், வீடு இடிக்கும்போது பறக்கும் தூசு என எங்கும் இருப்பது. இதன் வித்துகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. தினமும் எல்லோரும் மூச்சோடு உள்ளே இழுக்கிறோம். நுரையீரலில் காவல் இருக்கும் செல்கள் அவற்றைத் தின்று தீர்த்துவிடுவதால் ஒன்றும் ஆவதில்லை. அந்தக் காவல் பலவீனமாக இருந்தால், வித்து முளைவிட்டு நூல் நூலாக வளரும். ரத்தக் குழாய்ச் சுவரைத் துளைத்து உள்ளே போவது இந்தப் பூஞ்சையின் சுபாவம். ரத்தத்தில் கலந்துவிட்டால் மூளை, கண், தோல் எனப் போகிற இடங்களில் தைராய்டும் ஒன்று. அதிக ரத்த ஓட்டம்தான் தைராய்டுக்குப் பாதுகாப்பு என்று பார்த்தோம் இல்லையா? பூஞ்சை ரத்தத்தில் ஏறிவிட்டால், அந்த ரத்த ஓட்டமே அதற்குப் பாதை போட்டுக்கொடுத்துவிடுகிறது.

கேண்டிடா, கிரிப்டோகாக்கஸ், ஹிஸ்டோபிளாஸ்மா, காக்ஸிடியாய்டிஸ் போன்ற பூஞ்சைகளும் தைராய்டில் கண்டறியப்பட்டிருக்கின்றன. இதில் கடைசியாகச் சொன்ன காக்ஸிடியாய்டிஸ் நம் ஊர்ப் பூஞ்சை அல்ல. அமெரிக்காவின் அரிசோனா, கலிஃபோர்னியா பகுதிகளின் வறண்ட மண்ணில் வாழ்வது. பிள்ளைகள் வீட்டுக்கு அந்தப் பக்கம் போய் ஆறு மாதம் தங்கிவிட்டு வருபவர்கள் இப்போது நிறைய பேர். உறுப்பு மாற்று செய்துகொண்டவர் அப்படிப் போய் வந்திருந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் அதைச் சொல்லிவிட வேண்டும்.

எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களைப் பூஞ்சை என்ன செய்யும் என்பது நமக்குப் புதிதல்ல. 2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது கறுப்புப் பூஞ்சை நோய் எத்தனை பேரின் கண்ணைப் பறித்தது என்பதைப் பார்த்தோம். ஸ்டீராய்டு மருந்தும் கட்டுப்பாடில்லாத சர்க்கரையும் சேர்ந்தபோது அது நடந்தது. உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களில் பலருக்கு இந்த இரண்டும் நிரந்தரமாகக் கூடவே இருக்கின்றன. டாக்ரோலிமஸ், ஸ்டீராய்டு இரண்டுமே சர்க்கரையை ஏற்றக்கூடியவை.

ஒரே மாதிரி தெரியும் இரண்டு நோய்கள்

கிட்னி மாற்றி ஏழு மாதமான ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஆபரேஷன் நடந்தது மதுரையில். ஊர் தேனிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். சென்ற மாதம் கிரியாட்டினின் ஏறியதால், புது கிட்னியை உடம்பு நிராகரிக்கிறது என்று மூன்று நாள் அட்மிட் செய்து ஊசி வழியாக ஸ்டீராய்டு கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். இப்போது ஒரு வாரமாக லேசான காய்ச்சல். கழுத்தின் முன்பக்கம் தொட்டாலே வலி. வலி தாடைக்கும் காதுக்கும் ஏறுகிறது. சாப்பாடு விழுங்கும்போது குத்துகிறது. படபடப்பு, கை நடுக்கம், வியர்வை.

மதுரைக்குப் போக ஒரு நாள் லீவும் வண்டிச் செலவும் ஆகும். பக்கத்தில் இருக்கும் கிளினிக்குக்குப் போகிறார்கள். ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.ஹெச் மிகக் குறைவு, டி4 அதிகம், இ.எஸ்.ஆர் எகிறியிருக்கிறது.

"தைராய்டுல வீக்கம்மா. வைரஸ் காய்ச்சலுக்கு அப்புறம் சிலருக்கு வர்றதுதான். மாத்திரை எழுதறேன், சரியாயிடும்."

பாடப்புத்தகத்தில் இருப்பதை வைத்துப் பார்த்தால் டாக்டர் சொன்னதில் தவறே இல்லை. சப் அக்யூட் தைராய்டிட்டிஸ் என்று ஒரு நோய் உண்டு. வைரஸ் காய்ச்சல் வந்து போன பிறகு, பெரும்பாலும் நடுத்தர வயதுப் பெண்களுக்கு வருவது. காதுவரை ஏறும் கழுத்து வலி, காய்ச்சல், படபடப்பு, குறைந்த டி.எஸ்.ஹெச், எகிறும் இ.எஸ்.ஆர் எல்லாமே அதிலும் இருக்கும். அதற்கு முதலில் கொடுப்பது வலி நிவாரணி. அடங்காவிட்டால் ஸ்டீராய்டு. பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும்.

இதே இரண்டு மாத்திரைகள் நம் நோயாளியிடம் என்ன செய்யும் என்று பாருங்கள். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் மாற்றிவைத்த சிறுநீரகத்தைப் பாதிக்கும். டாக்ரோலிமஸோடு சேர்ந்தால் பாதிப்பு இன்னும் அதிகம். ஸ்டீராய்டு, பூஞ்சைக்கு எதிராக மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்ச எதிர்ப்பையும் குறைத்துவிடும். இதில் கொடுமை என்னவென்றால், ஸ்டீராய்டு போட்டதும் வீக்கமும் காய்ச்சலும் சில நாள் தணியும். `மாத்திரை கேட்குது' என்று வீட்டில் நிம்மதி அடைவார்கள். உள்ளே பூஞ்சை வளர்ந்துகொண்டிருக்கும்.

படபடப்பைப் பார்த்துவிட்டு, தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்று கார்பிமசோல் மாத்திரை கொடுத்தாலும் பலனில்லை. சுரப்பி இங்கே கூடுதலாக எதையும் தயாரிக்கவில்லை. தைராய்டு தன் ஹார்மோனை வாரக்கணக்கில் போதும் அளவுக்கு ஸ்டாக் வைத்திருக்கும். பூஞ்சை அந்தச் சேமிப்பு அறைகளை உடைப்பதால் இருப்பு மொத்தமாக ரத்தத்தில் கொட்டுகிறது. தயாரிப்பை நிறுத்தும் மருந்தால், ஏற்கெனவே கொட்டியதை என்ன செய்ய முடியும்? தவிர, கார்பிமசோல் அபூர்வமாகச் சிலருக்கு வெள்ளை அணுக்களை அடியோடு குறைத்துவிடும். பூஞ்சையோடு சண்டை போட வேண்டிய நேரத்தில் அது வேறு எதற்கு?

இருப்பு தீர்ந்ததும் அளவுகள் தலைகீழாகி, டி.எஸ்.ஹெச் ஏறத் தொடங்கும். ஆக, ஒரு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு ரிப்போர்ட்டுகள் ஒன்றுக்கொன்று நேர்மாறாக இருந்தால், `லேப் தப்பா கொடுத்துட்டான்' என்று முடிவுகட்ட வேண்டாம்.

இன்னொரு சிக்கல், அறிகுறிகளே மங்கலாகத் தெரிவது. ஏற்கெனவே தினமும் ஸ்டீராய்டு எடுப்பவருக்குக் காய்ச்சல் 100 டிகிரியைத் தொடாமலே இருக்கலாம். கழுத்து சிவக்காமலே இருக்கலாம். `லேசாத்தான் வலிக்குது' என்பதை இவர்கள் விஷயத்தில் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குரல் கம்முவது, விழுங்க முடியாமல் போவது, படுத்தால் மூச்சு முட்டுவது ஆகியவை வீக்கம் பக்கத்தில் இருப்பவற்றை அழுத்துகிறது என்பதன் அடையாளம். அப்போது கிளினிக்கில் டோக்கன் போட்டுக் காத்திருக்காமல் நேராகப் பெரிய மருத்துவமனையின் எமர்ஜென்சிக்குப் போய்விட வேண்டும்.

ஊசி சொல்லும் உண்மை

சரி, எப்படித்தான் கண்டுபிடிப்பது?

ரத்தப் பரிசோதனைகளால் மட்டும் முடியாது. டி.எஸ்.ஹெச், டி4, இ.எஸ்.ஆர், சி.ஆர்.பி எல்லாம் `ஏதோ நடக்கிறது' என்று சொல்லுமே தவிர, யார் செய்கிறார்கள் என்று சொல்லாது. தைராய்டின் செயல்பாட்டைப் பார்க்கும் நியூக்ளியர் ஸ்கேனிலும் இரண்டு நோயிலுமே சுரப்பி மங்கலாகத்தான் தெரியும்.

கழுத்து அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் அடுத்த படி. கதிர்வீச்சு இல்லை, சிறுநீரகத்தைப் பாதிக்கும் கான்ட்ராஸ்ட் மருந்து தேவையில்லை, தாலுகா தலைநகரங்களில்கூட வசதி இருக்கிறது. சுரப்பிக்குள் கறுத்த பகுதி, சீழ்க்கட்டி போன்ற தேக்கம் இருந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனால், ஸ்கேன் பிலிமில் பூஞ்சையின் பெயர் எழுதியிருக்காது. ஸ்கேனின் முக்கியமான உபயோகம், ஊசியை எங்கே குத்த வேண்டும் என்று காட்டுவதுதான்.

எஃப்.என்.ஏ.சி என்று சொல்லப்படும் இந்த ஊசிப் பரிசோதனை, பெயரைக் கேட்டுப் பயப்படும் அளவுக்குப் பெரிய விஷயமல்ல. மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, சில துளி திரவத்தையும் செல்களையும் உறிஞ்சி எடுப்பார்கள். அட்மிட் ஆக வேண்டியதில்லை. வழக்கமாகச் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆஸ்பிரின் போன்ற ரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். `கழுத்துல குத்தினா கட்டி பரவிடும்' என்ற பயம் நம் ஊரில் பலருக்கு இருக்கிறது. அந்தப் பயத்தில் ஊசியைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் பூஞ்சைக்குத்தான் லாபம்.

ஊசி போட்டாலும் விடை கைநழுவிப் போகக்கூடிய ஓர் இடம் இருக்கிறது. தைராய்டு கட்டி என்றாலே நம் ஊரில் எஃப்.என்.ஏ.சி எதற்காக எடுக்கப்படுகிறது? புற்றுநோயா, இல்லையா என்று பார்க்க. அதனால் எடுத்த சாம்பிள் முழுவதையும் கண்ணாடி ஸ்லைடில் தடவி, ஆல்கஹாலில் முக்கி, பேத்தாலஜி லேபுக்கு அனுப்பிவிடுவது வழக்கம். `புற்றுநோய் செல்கள் இல்லை, அழற்சி இருக்கிறது' என்று ரிப்போர்ட் வரும். குடும்பமே கோயிலுக்குப் போய் தேங்காய் உடைத்துவிட்டு வரும். ஆல்கஹாலிலும் ஃபார்மலினிலும் முக்கிய சாம்பிளில் பூஞ்சை செத்துவிடும். அதை அப்புறம் கல்ச்சருக்குப் போட முடியாது. அதனால்தான், உறுப்பு மாற்று செய்துகொண்டவரின் சாம்பிளை ஆரம்பத்திலேயே இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு பகுதி ஸ்லைடில் பேத்தாலஜிக்கு. இன்னொரு பகுதி, ஃபார்மலின் கலக்காமல், ஸ்டெரைல் டப்பாவில் மைக்ரோபயாலஜி லேபுக்கு. ஊசி போடும் அறைக்குள் போவதற்கு முன்பே இதைப் பேசி முடித்துவிட வேண்டும்.

மைக்ரோபயாலஜி லேபில் முதலில் செய்வது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சோதனை. சாம்பிளில் ஒரு சொட்டு விட்டால் மனித செல்கள் கரைந்துவிடும். பூஞ்சையின் கடினமான சுவர் கரையாமல் நிற்கும். பூஞ்சை நூல்கள் இருந்தால் அன்றைக்கே மைக்ரோஸ்கோப்பில் தெரிந்துவிடலாம். பேத்தாலஜியில் வெள்ளிச் சாயம் ஏற்றிப் பார்க்கும் முறை ஒன்று உண்டு. பச்சைப் பின்னணியில் பூஞ்சை கறுப்பாகத் துலங்கும். ஆனால், அந்தச் சாயத்தை எல்லா ஸ்லைடுக்கும் ஏற்றுவதில்லை, கேட்டால்தான் ஏற்றுவார்கள். பரிசோதனைச் சீட்டில் `கிட்னி மாற்று செய்தவர், பூஞ்சைத் தொற்று இருக்கிறதா எனப் பார்க்கவும்' என்று டாக்டர் ஒரு வரி எழுதினால்தான் லேபில் இருப்பவருக்கு அந்த யோசனையே வரும். `தைராய்டு கட்டி' என்று மட்டும் எழுதி அனுப்பினால், அவர் வேறு எதைத் தேடுவார்?

பூஞ்சை இருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் போதாது, எந்தப் பூஞ்சை என்றும் தெரிய வேண்டும். ஆஸ்பர்ஜில்லஸின் நூல்கள் மெலிந்து, இடையிடையே தடுப்புகளுடன், வேப்பங்குச்சி கிளைப்பதுபோல குறுகிய கோணத்தில் பிரியும். கறுப்புப் பூஞ்சையை உண்டாக்கும் மியூகோர் வகையின் நூல்கள் அகலமாக, நாடா மாதிரி, தடுப்புகள் அதிகமில்லாமல், கிட்டத்தட்டச் செங்கோணத்தில் பிரியும். இந்த வித்தியாசத்தால் மருந்தே மாறிவிடும். ஆஸ்பர்ஜில்லஸுக்கு முதலில் கொடுக்கும் வோரிகோனசோல் மருந்து மியூகோரிடம் பலிக்காது. கல்ச்சரில் ஆஸ்பர்ஜில்லஸ் சில நாள்களில் வளர்ந்துவிடும். ஹிஸ்டோபிளாஸ்மா போன்றவை வாரக்கணக்கில் எடுக்கும் என்பதால், மூன்றாம் நாள் வரும் `வளர்ச்சி இல்லை' ரிப்போர்ட் இறுதித் தீர்ப்பல்ல. அரிசோனா பயணத்தை ஏன் சொல்ல வேண்டும் என்பதற்கு இங்கே இன்னொரு காரணமும் இருக்கிறது. காக்ஸிடியாய்டிஸ் கல்ச்சரில் வளர்ந்தால் அதன் வித்து லேப் ஊழியரின் மூச்சில் போய் அவருக்கே தொற்றிக்கொள்ளும். முன்பே தெரிந்தால் தகுந்த பாதுகாப்போடு கையாள்வார்கள்.

அதே சாம்பிளில் காசநோய்க்கும் சேர்த்துப் பார்த்துவிடுவது நம் நாட்டில் அவசியம். தைராய்டில் காசநோய் அபூர்வம்தான் என்றாலும், இந்தியாவில் உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களிடம் காசநோய் அபூர்வமல்ல. கட்டிக்குள் ரத்தக்கசிவா, உறுப்பு மாற்றுக்குப் பிறகு சிலருக்கு வரும் லிம்ஃபோமா வகைப் புற்றுநோயா என்பதற்கும் இதே ஊசி துப்பு கொடுத்துவிடும். இத்தனைக்கும் பதில் தரக்கூடிய ஒரு பரிசோதனையை `பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போட நியாயமே இல்லை.

ரத்தத்தில் பூஞ்சையின் தடயத்தைத் தேடும் கேலக்டோமன்னான், பீட்டா டி குளுக்கான் பரிசோதனைகள் பெரிய லேப்களில் இருக்கின்றன. பாசிட்டிவ் வந்தால் உதவும். நெகட்டிவ் வந்தால் பூஞ்சை இல்லை என்று அர்த்தமல்ல. முக்கியமாக, சிறுநீரகம், கல்லீரல் போன்ற உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களிடம் கேலக்டோமன்னான் ரத்தப் பரிசோதனை பல நேரம் கோட்டைவிட்டுவிடும். மியூகோர் இருந்தால் இரண்டிலுமே தெரியாது. ஆகவே, ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்பதால் ஊசி தேவையில்லை என்ற முடிவுக்கு வரக் கூடாது.

கழுத்தில் பூஞ்சை என்று தெரிந்தால், அதோடு தேடல் முடியாது. அது வந்த வழி பெரும்பாலும் நுரையீரல். எக்ஸ்ரேயில் ஒன்றுமே தெரியாதவருக்கும் சி.டி ஸ்கேனில் சின்னச் சின்ன முடிச்சுகள் தெரியலாம். நெஞ்சுப் பகுதிக்கு கான்ட்ராஸ்ட் மருந்து இல்லாமலே சி.டி எடுக்க முடியும் என்பதால், கிட்னியை நினைத்து இதற்குத் தயங்க வேண்டாம். தலைவலியோ, பார்வைக் கோளாறோ இருந்தால் மூளைக்கும் ஸ்கேன் தேவைப்படும்.

யார் அதிகம் கவனிக்க வேண்டும்?

ஆபரேஷன் முடிந்த முதல் ஆறு மாதங்களில் எதிர்ப்பு சக்தி மிகவும் அடக்கிவைக்கப்பட்டிருக்கும். அதன் பிறகு மருந்தின் அளவைக் குறைப்பார்கள், ஆபத்தும் குறையும். ஆனால், உறுப்பு நிராகரிப்புக்காக அதிக அளவு ஸ்டீராய்டோ ஏ.டி.ஜி ஊசியோ கொடுக்கப்பட்டிருந்தால், கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். சி.எம்.வி வைரஸ் தொற்று வந்தவர்கள், சர்க்கரை கட்டுப்படாதவர்கள், வெள்ளை அணுக்கள் குறைந்தவர்களும் இதே பட்டியலில் வருவார்கள். ஆஸ்பர்ஜில்லஸ் அதிகம் தாக்குவது நுரையீரல் மாற்று செய்துகொண்டவர்களை. கிட்னி மாற்றியவர்களுக்கு அந்த ஆபத்து குறைவுதான், ஆனால் எண்ணிக்கையில் அவர்கள்தான் அதிகம்.

பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிப்பது, பரண் மேல் இருக்கும் பழைய சாமான்களை இறக்கித் தூசு தட்டுவது, மாட்டுக் கொட்டகையில் வைக்கோல் பிரிப்பது, மாடித் தோட்டத்துக்கு உரம் கிளறுவது ஆகிய வேலைகளை இவர்களிடம் விடாதீர்கள். தவிர்க்கவே முடியாவிட்டால் என்-95 மாஸ்க் கட்டாயம். அபார்ட்மென்ட் பால்கனியில் புறா எச்சம் காய்ந்து கிடந்தால் அதைச் சுரண்டும் வேலையும் வேண்டாம். கிரிப்டோகாக்கஸ் அங்கேதான் குடியிருக்கும்.

தேனி நோயாளி போன்றவர்களின் வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது என்ன? உள்ளூர் டாக்டரிடம் உட்கார்ந்ததும் முதல் வாக்கியமே, "சார், இவருக்கு கிட்னி மாத்தியிருக்கு. இந்த மாத்திரையெல்லாம் சாப்பிடறார்" என்றுதான் இருக்க வேண்டும். மாத்திரைச் சீட்டின் போட்டோ போனில் தயாராக இருக்கட்டும். ஸ்டீராய்டின் அளவைக் கூட்டுவதற்கும் வலி மாத்திரை தொடங்குவதற்கும் முன், ஆபரேஷன் செய்த மருத்துவமனையின் டிரான்ஸ்பிளான்ட் கோஆர்டினேட்டருக்கு ஒரு போன். அது டாக்டரை அவமதிப்பதாகாது. "சார், மதுரையில ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டால் எந்த டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கண்டுபிடித்த பிறகு...

ஆஸ்பர்ஜில்லஸ் என்று உறுதியானால் வழக்கமாக வோரிகோனசோல் தொடங்கப்படும். தேவைப்பட்டால் கொழுப்புப் பொதியில் வைத்துத் தரப்படும் லிப்போசோமல் ஆம்போடெரிசின். பழைய வகை ஆம்போடெரிசின் சிறுநீரகத்தைக் கடுமையாகப் பாதிக்கும் என்பதால், மாற்றுச் சிறுநீரகம் இருப்பவருக்குக் கூடியவரை தவிர்ப்பார்கள். சீழ் கட்டியிருந்தால் வடிக்க வேண்டும். மருந்துக்கு அடங்காவிட்டாலோ, மூச்சுக்குழாயை அழுத்தினாலோ சுரப்பியின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ எடுக்க நேரிடும். படபடப்புக்கு புரொப்ரனலால் போன்ற மாத்திரை சில வாரங்களுக்கு உதவும். சிகிச்சை வாரக்கணக்கில் அல்ல, மாதக்கணக்கில் போகும். வோரிகோனசோல் சாப்பிடும்போது வெயில் பட்டால் தோல் சட்டென்று கருகிச் சிவக்கும் என்பதால் குடையும் முழுக்கைச் சட்டையும் தேவை.

மாத்திரை டப்பாவில் வோரிகோனசோல் நுழையும் நாளில் இன்னொன்றும் மாறியாக வேண்டும். கல்லீரலில் டாக்ரோலிமஸைச் சிதைக்கும் நொதியை இது முடக்கிவிடும். பழைய அளவிலேயே டாக்ரோலிமஸைத் தொடர்ந்தால் ரத்தத்தில் அதன் அளவு பல மடங்கு ஏறி, கிட்னியையே பாதிக்கும். அதனால் டாக்ரோலிமஸை மூன்றில் ஒரு பங்காகவும், சைக்ளோஸ்போரின் சாப்பிடுபவருக்கு அதைப் பாதியாகவும் குறைத்து, ரத்த அளவை அடிக்கடி பார்த்துத் திருத்துவார்கள். வீட்டில் தானாகக் குறைக்கும் வேலை வேண்டாம், டிரான்ஸ்பிளான்ட் டாக்டர் எழுதிக்கொடுத்தபடிதான்.

சிகிச்சை முடிந்து, கழுத்து வலி போய், ஸ்கேனும் சுத்தமாக வந்த பிறகு, தைராய்டு போதுமான அளவு சுரக்காமல் போயிருக்கலாம். டி.எஸ்.ஹெச் பரிசோதனையைக் குறிப்பிட்ட இடைவெளியில் தொடர வேண்டும். சிலருக்கு, அந்த வெறும் வயிற்று மாத்திரை நிரந்தரமாகத் தேவைப்படும். வோரிகோனசோலை நிறுத்தும் நாளில் டாக்ரோலிமஸ் கணக்கு மறுபடியும் மாறும். நொதி பழையபடி வேலை செய்யத் தொடங்கியதும் ரத்தத்தில் டாக்ரோலிமஸ் மளமளவென்று இறங்கும். குறைத்த அளவிலேயே விட்டுவிட்டால் உடம்பு கிட்னியை நிராகரிக்க ஆரம்பித்துவிடும். எனவே, `இந்த மாத்திரையை நிறுத்திடலாம்' என்று டாக்டர் சொல்லும் அன்றே, டாக்ரோலிமஸின் புது அளவையும், அதற்கான ரத்தப் பரிசோதனைத் தேதியையும் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.